மஞ்சள் பைக்குள் அடங்கிய கேமரா

போன மாதம் தஞ்சாவூர், தாராசுரம், கும்பகோணம் என்று மூன்று நாள் சுற்றிவிட்டுத் திருச்சி திரும்பினேன். மூன்று நாளும் கேமரா ஒரு மஞ்சள் துணிப்பைக்குள்தான் கிடந்தது. கூடவே ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், வழியில் வாங்கிய கொய்யா. தோள் வலிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பையை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்ததும், கத்தரிக்காய் வாங்கி வந்திருக்கிறேனா என்று மனைவி கேட்டாள். இந்த நிலைமைக்கு வந்து சேரப் பதினான்கு மாதமும் இரண்டு தவறான லென்ஸும் 7,340 ரூபாய் தண்டச் செலவும் ஆயின. எல்லாவற்றையும் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி30. பேட்டரியும் கார்டும் சேர்த்து 383 கிராம். அதோடு வாங்கிய 18-55 ஜூம் லென்ஸ் 310 கிராம். இரண்டும் சேர்ந்து 693. முக்கால் கிலோகூட இல்லை. ஆகவே எடையைக் குறை சொல்ல முடியாது. தொந்தரவு நீளத்தில் இருந்தது. கண் வைக்கும் ரப்பரிலிருந்து லென்ஸ் மூடி வரை அளந்தால் 12 சென்டிமீட்டர். எந்தச் சாதாரணப் பையில் போட்டாலும் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கென்று பஞ்சு வைத்த தனிப் பை வாங்கினேன். தனிப் பை வந்ததும் கேமராவை எடுத்துப்போவது என்பது யோசித்துச் செய்யும் காரியம் ஆகிவிட்டது. காய்கறி வாங்கப் போகும்போது யார் அதைத் தூக்குவார்கள்? கேமரா அலமாரியில் தூங்கியது.

ஜூம் ஆகாத, ஒரே அளவு கொண்ட சின்ன பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கினால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. எந்த அளவு என்பதுதான் கேள்வி. 18, 23, 27, 35, 50 மில்லிமீட்டர் என்று எல்லாம் கிடைக்கின்றன; எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்துக் காட்சி. ஒவ்வொன்றையும் ஒருவர் உலகின் சிறந்த லென்ஸ் என்கிறார். நான் கணக்குப் பார்த்து முடிவு செய்வது என்று கிளம்பினேன். முதல் கணக்கிலேயே தவறினேன்.

கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்ற விவரம் பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஜூமில் அதுவரை எடுத்த 4,212 படங்களின் எண்களையும் ஒரு அட்டவணையில் கொட்டினேன். 55 மில்லிமீட்டரில் 1,346 படங்கள், 18-இல் 1,190. மீதி நடுவில் சிதறிக் கிடந்தது. ஆக, எனக்குத் தூரத்துக் காட்சிதான் பிடிக்கிறது, 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் நமக்கு என்று முடிவு கட்டினேன். ஜூம் வளையம் முட்டி நிற்கும் இடங்கள் அந்த இரண்டும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. கை சோம்பலாகத் திருப்பினால் வளையம் ஒரு முனையில்தான் போய் நிற்கும். அந்தக் கணக்கு என் ரசனையைச் சொல்லவில்லை, மணிக்கட்டைத்தான் சொன்னது.

ஐம்பதில் மிகத் தட்டையானது எது என்று தேடியதில் இண்டஸ்டார் 50-2 கண்ணில் பட்டது. சோவியத் காலத்து லென்ஸ், 50 மில்லிமீட்டர், எஃப் 3.5 (வெளிச்சத் துளை எவ்வளவு திறக்கும் என்ற எண்; சிறிதானால் வெளிச்சம் அதிகம்). தடிமன் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். வரிசை எண் 81 என்று தொடங்கியதால் 1981-இல் செய்தது என்று கொள்ளலாம். பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் 3,800 ரூபாய். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஊத்தாப்ப மாவில் ஒரு கரண்டி விட்டது போல அவ்வளவு தட்டை. சமையலறைத் தராசில் எழுபது கிராமை ஒட்டி நின்றது. இதைவிடச் சின்னது எங்கே கிடைக்கும் என்று பூரித்துப் போனேன்.

அதைக் கேமராவில் பொருத்தும் அடாப்டர் வந்ததும் பூரிப்பு இறங்கியது. இது எம்42 என்ற திருகு மரையில் பொருந்தும் லென்ஸ். கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்காகச் செய்தது. லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என் கேமராவில் அந்த இடைவெளி 17.7 மில்லிமீட்டர்தான். மிச்சம் 27.76 மில்லிமீட்டரை அடாப்டர் என்ற வெற்றுக் குழாய்தான் ஈடுகட்ட வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் வெர்னியர் அளவுகோலைக் கடன் வாங்கி, கேமராவில் பொருத்திய நிலையில் அளந்தேன். ரப்பரிலிருந்து மூடி வரை 9.6 சென்டிமீட்டர். இந்தக் கழித்தல் கணக்கை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் போட்டிருந்தால் அடாப்டருக்குக் கொடுத்த 1,400 ரூபாயும் மிஞ்சியிருக்கும். நண்பர் வெர்னியரைத் திரும்ப வாங்கும்போது, "குழாய்க்கு ஆயிரத்து நானூறா? நான் நூறு ரூபாய்க்குக் கடைந்து கொடுத்திருப்பேனே" என்றார்.

வாங்கியாயிற்று, பயன்படுத்தியாவது பார்ப்போம் என்றால் ஃபோக்கஸ் வளையம் அசையவில்லை. நாற்பது வருட கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. லென்ஸைப் பிரிப்பது எனக்கு அதுவே முதல் முறை. வளையத்தைச் சுற்றி மூன்று பொடித் திருகுகள். கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் திருப்புளியில் 1.4 மில்லிமீட்டர் முனை சரியாகப் பொருந்தியது. முதலில் 2 மில்லிமீட்டர் முனையால் முயன்று ஒரு திருகின் தலையைச் சிதைத்துவிட்டேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகு வளையம் இளகியது. மகிழ்ச்சியில் கடகடவென்று கழற்றிவிட்டேன். அதுதான் பிழை.

ஃபோக்கஸ் மரை சாதாரண போல்ட்டைப் போல ஒரே ஒரு தொடக்கம் கொண்டதல்ல. பல இடங்களில் தொடங்கும் மரை. எந்த இடத்தில் கழன்றதோ அதே இடத்தில்தான் மீண்டும் பிடிக்க வேண்டும். மாறிப் பிடித்தாலும் நன்றாகத்தான் சுழலும், ஆனால் தூரத்துப் பொருள் தெளியாது. கழலும் நொடியில் ஊசியால் இரண்டு பக்கமும் ஒரு கீறல் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, சைக்கிள் கடை கிரீஸைப் பூசி, ஒவ்வொரு தொடக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். சோதனைக்கு மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோவில் விளக்கு. இந்தப் பழைய லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது; மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்ற அனுமதியை இயக்க வேண்டும். இல்லையென்றால் ஷட்டர் அசையாது; இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று. ஐந்தாவது முயற்சியில் விளக்கு புள்ளியாகத் தெளிந்தது. இரவு பத்தரை மணி. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

சைக்கிள் கிரீஸ் இரண்டு வாரம்தான் தாங்கியது. வெயிலில் இளகி எண்ணெயாகப் பிரிந்து வெளிச்சத் துளையை மூடித் திறக்கும் இதழ்களில் படிந்துவிட்டது. மறுபடி பிரித்தேன், இந்த முறை கீறல் போட்டுவிட்டு. லென்ஸுக்கென்றே விற்கும் கெட்டி கிரீஸை மரையின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தடவினேன். திருப்புளி, ஆல்கஹால், கிரீஸ் எல்லாம் சேர்ந்து 640 ரூபாய். இப்போது வளையம் வெண்ணெயாகச் சுழல்கிறது. படமும் அழகு, பின்வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறினாலும் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஆனால் என் கேமராவின் சிறிய சென்சாரில் 50 என்பது பழைய ஃபிலிம் கணக்கில் 75, அதாவது காட்சி இன்னும் குறுகும். குறைந்தது 65 சென்டிமீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோக்கஸ் ஆகும். ஓட்டலில் எதிரே வைத்த காபி டம்ளரை எடுக்க நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. பயணத்துக்கு ஆகாது.

அடுத்த தவறு சிறியது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 35 மில்லிமீட்டர் எஃப் 2, 170 கிராம், பழையது ஒன்று விலைக்கு வந்தது. தூசி, தூறல் தாங்கும் லென்ஸ் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கத் துணிந்தேன். லென்ஸ் தாங்கும், சரி. என் கேமரா உடலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை மறந்துவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு வெறும் காலோடு தண்ணீரில் நிற்பது போன்ற பாதுகாப்பு. அதோடு கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். வீட்டில் இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தபோது உள்ளே சிலந்தி நூலாகப் பூஞ்சை. மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். விற்றவர் 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்க்காதது என் தப்பு என்பதால் வாதாடவில்லை.

இதற்குப் பிறகு ஒரு மாதம் எதையும் வாங்காமல், பழைய கணக்கை வேறு விதமாகப் போட்டேன். எடுத்த படங்களை விட்டுவிட்டு, வைத்துக்கொண்ட படங்களை மட்டும் எண்ணினேன். அச்சுப் போட்டவை, உறவினர்களுக்கு அனுப்பியவை, நானே திரும்பத் திரும்பப் பார்த்தவை. மொத்தம் 318. அவற்றில் 22-இலிருந்து 30 மில்லிமீட்டருக்குள் 171. 18-இல் 74. நான் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளிய 55-இல் வெறும் 41. அட்டவணையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 3,800 ரூபாய்க்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒரு முறை ஏமாந்ததால், இந்த முறை காலால் சோதித்தேன். மின்சார வேலைக்கு ஒட்டும் கறுப்பு டேப்பால் ஜூம் வளையத்தை அசையாமல் ஒட்டிவிட்டு ஒரு வாரம் 35, ஒரு வாரம் 23, ஒரு வாரம் 27. வளையத்தில் 27 என்று குறி இல்லை. ஒரு படம் எடுத்து விவரத்தைப் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி எடுத்து இடம் பிடிக்க வேண்டும். வழி எல்லா வாரமும் ஒன்றே: சத்திரம் பேருந்து நிலையம், தெப்பக்குளம், பெரிய கடை வீதி, காந்தி மார்க்கெட். நேரமும் காலை ஆறரை.

35 வைத்த வாரம் மார்க்கெட்டுக்குள் என் முதுகு இரண்டு முறை வெங்காய மூட்டையில் இடித்தது. வியாபாரியும் அவர் தராசும் ஒன்றாக விழ வேண்டுமென்றால் பின்னால் போக இடம் வேண்டும். மார்க்கெட்டில் ஏது இடம்? 23 வைத்த வாரம் இடம் போதும். ஆனால் ஓரத்தில் பிளாஸ்டிக் கூடை, பாதிச் சைக்கிள், யாரோ ஒருவரின் முழங்கை. நெருங்கிப் போகும் துணிச்சல் உள்ளவர்களுக்கு அது சரியான லென்ஸ்; எனக்குக் கூச்சம். 27-இல் நான் இயல்பாக நிற்கும் தூரமும் படத்தின் சட்டமும் ஒத்துப்போயின. வீட்டுச் சுவரில் தையல் டேப்பை ஒட்டி அளந்தும் பார்த்தேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கிடைமட்டச் சட்டத்தில் 27 மில்லிமீட்டருக்கு 1.74 மீட்டர் அகலம் விழுகிறது, 35-க்கு 1.34 மீட்டர். ஒரு மனிதரும் அவர் கடையும் அடங்குவதற்கும் மனிதர் மட்டும் அடங்குவதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அந்த நாற்பது சென்டிமீட்டர்தான்.

டேப்பை உரித்தபோது வெயிலில் உருகிய பசை வளையத்தின் வரிப்பள்ளங்களில் தங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுத் துணியால் எடுத்தேன். பிறகு எண்ணெயை எடுக்க இன்னொரு நாள். பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப் போதும்.

27 மில்லிமீட்டர் எஃப் 2.8, 2013-இல் வந்த பழைய வடிவம், இரண்டாம் கையாக 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். இம்முறை டார்ச், சொந்த கேமரா, வெள்ளைத் தாள் மூன்றையும் எடுத்துப்போனேன். எடை 78 கிராம், தடிமன் 23 மில்லிமீட்டர். கேமராவில் மாட்டி மூடியோடு அளந்தால் 7 சென்டிமீட்டர். மஞ்சள் பையில் போட்டால் அது கேமரா என்றே தெரிவதில்லை. மொத்தம் 461 கிராம். வெளிச்சத் துளையை மாற்றும் வளையம் லென்ஸில் இல்லாதது முதலில் உறுத்தியது. கேமராவின் முன்சக்கரத்தில் திருப்பப் பழகிவிட்டது. 2021-இல் வந்த புதிய வடிவத்தில் வளையமும் தூசி, தூறல் பாதுகாப்பும் உண்டு, 84 கிராம். என் கேமராவுக்குப் பாதுகாப்பு வீண் என்பதால், வளையத்துக்கு மட்டும் இன்னொரு மடங்கு பணம் கொடுக்க மனம் வரவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க முன்னால் மாட்டும் 39 மில்லிமீட்டர் உலோக ஹூட் ஒன்று 350 ரூபாய்.

இதோடு நின்றிருக்கலாம். 18-இல் எடுத்து வைத்துக்கொண்ட அந்த 74 படங்கள் உறுத்தின. வீட்டு முற்றம், கோவில் பிராகாரம், ரயில் பெட்டி. 18 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸ் 116 கிராம், 21,000 ரூபாய். 27-இன் விலையைவிட அதிகம் என்பதால் ஒரு மாதம் இழுத்தடித்துப் பிறகு வாங்கினேன். இரண்டு லென்ஸும் சேர்ந்து 194 கிராம். பழைய ஜூமைவிட 116 குறைவு.

தஞ்சாவூரில் முதல் நாள். பெரிய கோவில் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, அடியிலிருந்து கலசம் வரை அடக்க 27-க்கு சுமார் 62 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 18-க்கு 29 மீட்டர் போதும் என்று கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தேன். முற்றம் தாராளம், 27 போதுமென்று முடிவு. கணக்கு சரி. ஆனால் 62 மீட்டர் தள்ளிப் போனதும் நடுவில் நந்தி மண்டபமும் மனிதர்களும் வந்து நின்றார்கள். தாளில் போட்ட கணக்குக்கு முன்னால் யாரும் நடந்து போவதில்லை. 18-ஐ மாட்டிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனேன். விமானம் பின்னால் சாய்ந்தது போல விழுந்தது, அதுவும் ஒருவகையில் அதன் உயரத்தைச் சொன்னது.

தாராசுரத்தில் 27 திணறியது. மண்டபத்து உள்தூண்களில் காலை ஒன்பது மணிக்கும் வெளிச்சம் குறைவு. இந்தக் கேமராவுக்குள் நடுக்கம் தாங்கும் வசதி கிடையாது, லென்ஸிலும் இல்லை. ஷட்டர் 1/40 நொடிக்கு மேல் திறந்திருந்தால் என் கை நம்பத்தக்கதல்ல. எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு; கூட்டினால் படத்தில் புள்ளி தட்டும்) 3200 போக வேண்டியிருந்தது. அதே தூணை 18-இல் எஃப் 2 வைத்து 1600-இல் எடுத்தேன். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் இரண்டிலும் நன்றாக வந்தது. சிக்கல் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்களில். 27 எவ்வளவு நெருங்கினாலும் 34 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அப்போது சட்டத்துக்குள் விழும் அகலம் 23.5 சென்டிமீட்டர். 18-இல் 18 சென்டிமீட்டர் வரை போகலாம், ஆனால் அவ்வளவு அருகில் என் நிழலே சிற்பத்தின் மேல் விழுந்தது. பழைய ஜூம் இருந்திருந்தால் 55-இல் தள்ளி நின்றே எடுத்திருப்பேன். மூன்று நாளில் அதை நினைத்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

கும்பகோணத்தில் 27-ஐக் கழற்றவே இல்லை. மகாமகக் குளத்துப் படிகள், பாத்திரக் கடைகள், வெற்றிலை அடுக்கும் கைகள். பாத்திரக் கடைக்காரர் ஒருவர், "சின்னக் கேமராதானே, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றார். பெரிய ஜூமோடு போன வருடம் அதே தெருவில் எந்தப் பத்திரிகை என்று கேட்டார்கள்.

செலவைக் கூட்டினால்: 27-க்கு 16,500, 18-க்கு 21,000, ஹூட் 350. இவை உருப்படியானவை. இண்டஸ்டார் 3,800, அடாப்டர் 1,400, கருவிகளும் கிரீஸும் 640, திருப்பிக் கொடுத்த 35-இல் போனது 1,500. எல்லாம் சேர்த்து 45,190. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் டேப் ஒட்டிய வாரங்களை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். லென்ஸின் தடிமனைத் தனியாகப் படிக்காமல், கேமராவில் மாட்டி, மூடியோடு, என் பையோடு அளப்பேன். 18-ஐ வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் கேட்பேன். அதன் அவசியம் குறித்து இன்னும் எனக்கே பாதி சந்தேகம். இண்டஸ்டாரை விற்கப் போவதில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சுழலவைத்த வளையத்தை இன்னொருவர் கையில் கொடுக்க மனமில்லை.

தாராசுரத்துச் சிறு சிற்பங்களுக்காக லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இன்னும் நெருங்க விடும் 11 மில்லிமீட்டர் நீட்டிப்பு வளையம் முதலில் வாங்க நினைத்தேன். இம்முறை கணக்கை முன்பே போட்டேன்: 27-க்குப் பின்னால் அதை மாட்டினால் சட்டத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம்தான் விழும். சிற்பத்தின் மூக்குதான் தெரியும். அதற்குப் பதிலாக லென்ஸின் முன்னால் திருகும், பூதக்கண்ணாடி போன்ற +4 குளோஸ்-அப் கண்ணாடி, 39 மில்லிமீட்டர் அளவில், 400 ரூபாய். 22-இலிருந்து 11 சென்டிமீட்டர் அகலம் வரை பிடிக்க வேண்டும். சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் சுவரில் தையல் டேப்பை ஒட்டி அளந்து பார்த்துவிட்டுத்தான் கும்பகோணம் பஸ்.